கோல்ஃப் பயிற்சி ரேஞ்சில் நேராகப் போகும் பந்து, ஸ்கோர் கார்டு கைக்கு வந்ததும் வலப்பக்கம் ஓடுகிறது. என்ன செய்யலாம்?

கேள்வி

கோல்ஃபில் என் ஹேண்டிகேப் 18 (பாரைவிட, அதாவது கோர்ஸுக்கு வைத்த கணக்கைவிட, சுமார் 18 அடி கூட), வலது கை ஆட்டம். கார்டு போட்டு ஆடினால் மூன்று இடத்தில் கெடுகிறது. முதல் டீயில் (ஹோலின் தொடக்க இடம்) டிரைவரால், அதாவது தூர அடிக்கான நீள மட்டையால், அடித்த பந்து வலப்பக்க மரங்களுக்குள் போகிறது. 3 அடி பட் (குழிக்குள் உருட்டும் அடி) குழியின் வலது விளிம்பைத் தடவிவிட்டு வெளியே நிற்கிறது. ஒரு பார் 4-ல் (நாலு அடியில் முடிக்க வேண்டிய ஹோல்) 7 வந்துவிட்டால் அடுத்த இரண்டு ஹோலும் சேர்ந்து போகிறது. "ரிலாக்ஸா ஆடுங்க" என்பதைத் தாண்டி, எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

பதில் 1

டிரைவர் விஷயத்தில் முதலில் கைப்பிடியைப் பாருங்கள். பதற்றத்தில் விரல் இறுகும், கூடவே முன்கையும் இறுகும். அப்புறம் கிளப் (மட்டை) முகம் மூடாமல் திறந்தபடியே பந்தைத் தொடும். இதற்காக ஸ்விங்கில் கை வைக்காதீர்கள். ஸ்விங்குக்கு முந்தைய அரை நிமிடத்தைச் சரிசெய்யுங்கள்.

பந்துக்குப் பின்னால் மூன்று தப்படி தள்ளி நில்லுங்கள். தூரம், காற்று, கிளப், இலக்கு என்று எல்லா முடிவும் அங்கேயே முடிந்துவிட வேண்டும். இலக்கு சின்னதாக இருக்கட்டும். "ஃபேர்வே (டீயிலிருந்து குழிவரை போகும் வெட்டிய புல்வெளி) நடுவில்" என்பது இலக்கே இல்லை. "தூரத்து மரத்தின் இடது கிளை" என்பதுதான் இலக்கு. அந்தக் கோட்டில் பந்துக்கு இரண்டு மூன்று அடி முன்னால் ஒரு காய்ந்த இலையோ பழைய டிவட்டோ (கிளப் பெயர்த்த புல்தடம்) கண்ணில் படும், அதைக் குறியாக வைத்துக்கொள்ளுங்கள். பழம்பெரும் ஆட்டக்காரர் ஜாக் நிக்லாஸ் இப்படிப் பக்கத்துக் குறி வைத்துத்தான் நின்றார். மூக்கால் 4 எண்ணி மூச்சை இழுத்து, 6 எண்ணி விடுங்கள். விடும்போது தோள் தாழ்வது தெரியும். அந்த நொடியில் நடக்கத் தொடங்குங்கள்.

பந்தருகே வந்ததும் முதலில் கிளப் முகம் குறியைப் பார்க்கட்டும், பிறகு கால். இலக்கை ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை பார்த்துவிட்டு அடித்துவிடுங்கள். பந்தருகே 8 முதல் 10 நொடிக்கு மேல் நிற்காதீர்கள். "6 அயர்ன் எடுத்திருக்கலாமோ" என்று அங்கே தோன்றினால் கூச்சப்படாமல் பின்னால் போய் முதலிலிருந்து தொடங்குங்கள். அரை மனதோடு அடிப்பதைவிட அது மேல். 2019-ல் வந்த விதிகள் ஒரு ஷாட்டுக்கு 40 நொடிக்கு மேல் வேண்டாம் என்கின்றன. பழகிவிட்டால் இது 25 நொடியில் முடியும்.

ரேஞ்சில் நன்றாகப் போவதற்கும் காரணம் உண்டு. அங்கே ஒரே கிளப், ஒரே இடம், அடுத்த பந்து காலடியில். கடைசி 15 பந்துகளுக்கு மட்டும் ஒவ்வொரு பந்துக்கும் கிளப்பை மாற்றி, முழு வரிசையும் செய்து அடியுங்கள். டிரைவர், 7 அயர்ன், வெட்ஜ் என்று உங்கள் கோர்ஸின் முதல் ஐந்து ஹோலை அங்கேயே ஆடலாம்.

பதில் 2

பட் பற்றி மட்டும் சொல்கிறேன். 8 அடியிலிருந்து பிஜிஏ டூரின் தொழில்முறை ஆட்டக்காரர்களே கிட்டத்தட்ட பாதிதான் போடுகிறார்கள். அதனால் 8 அடி தவறினால் வருந்த ஒன்றுமில்லை. 3 அடி வேறு கதை. பயத்தில் பந்துக்குக் கொஞ்சம் முன்பே பட்டரின் வேகம் குறையும், பந்து குழிக்குள் போகிறதா என்று பார்க்கத் தலையும் எழும்பும். முகம் திறந்து நின்றுவிடுகிறது.

கண்ணுக்கு ஒரு வேலை கொடுங்கள். கால்கரி பல்கலைக்கழகத்தின் ஜோன் விக்கர்ஸ் ஆட்டக்காரர்களின் கண் அசைவை அளந்து பார்த்தார். நன்றாக பட் செய்பவர்களின் பார்வை பந்தின் ஒரே புள்ளியில் இரண்டு மூன்று நொடி நிலைக்கிறது. பந்து கிளம்பிய பிறகும் அதே இடத்தில் ஒரு கணம் நிற்கிறது. நீங்களும் பந்தின் பின்பக்கத்தில் ஒரு புள்ளியைப் பாருங்கள். அடித்த பிறகு பந்து இருந்த இடத்துப் புல்லைப் பாருங்கள். குழியில் விழும் சத்தத்தைக் காது கேட்கட்டும். பயிற்சிக்கு, குழியைச் சுற்றி 3 அடியில் நாலு பந்து, மூன்று சுற்று. பன்னிரண்டும் தொடர்ந்து விழ வேண்டும், ஒன்று தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து. பதினோராவது பந்தில் கை கனப்பது தெரியும். அந்தக் கனத்தோடு பழகத்தான் இந்தக் கணக்கு.

2024 யு.எஸ். ஓப்பனில், பைன்ஹர்ஸ்டில், ரோரி மெக்கில்ராய் 16-வது ஹோலில் இரண்டரை அடி பட்டையும் 18-ல் நாலடிக்குக் குறைவான பட்டையும் விட்டு, ஒரே ஷாட்டில் தோற்றார். 2025 மாஸ்டர்ஸிலும் 18-ல் ஒரு சின்ன பட்டை விட்டார். கொஞ்ச நேரத்தில் பிளே-ஆஃபுக்கு (சமனானால் ஆடும் கூடுதல் ஆட்டம்) அதே கிரீனுக்கு (குழி உள்ள புல்தரை) வந்து பர்டி (பாரைவிட ஒன்று குறைவு) போட்டு ஜெயித்தார்.

ஒன்று கவனியுங்கள். கை தானாக வெட்டி இழுத்தால் அது பயம் மட்டுமல்ல, 'யிப்ஸ்'. அதற்கு மனப் பயிற்சி மட்டும் போதாது, பிடியையே மாற்ற வேண்டும். இடது கையைக் கீழே வைத்துப் பிடித்துப் பாருங்கள். ஜெர்மன் ஆட்டக்காரர் பெர்ன்ஹார்ட் லாங்கர் பல வருடம் பிடியை மாற்றி மாற்றித்தான் மீண்டார்.

பதில் 3

7-க்குப் பிறகு ஆட்டம் கெடுவதற்குக் காரணம், போன இரண்டு ஷாட்டை ஒரே அடியில் மீட்கப் பார்ப்பது. பார் 72 கோர்ஸில் உங்கள் ஹேண்டிகேப்புக்கு எல்லா ஹோலிலும் போகி (பாரைவிட ஒன்று கூட), அதாவது மொத்தம் 90, கணக்குக்குச் சரி. பார் 4 உங்களுக்கு 5. அப்படியானால் 7 என்பது இரண்டே அதிகம். மொத்தத்தைப் பாதியில் கூட்டாதீர்கள், அந்தந்த ஹோலை எழுதி கார்டை மூடிவிடுங்கள்.

அடுத்த டீயில் டிரைவர் வேண்டாம். ஹைப்ரிட்டோ 5 அயர்னோ, நம்பிக்கையுள்ள கிளப் எதுவோ அது. 1999 பிரிட்டிஷ் ஓப்பனில், கார்னூஸ்டியில், ஜான் வான் டி வெல்டே கடைசி ஹோலில் 6 போட்டாலே கோப்பை. டிரைவரை எடுத்தார், பந்து வலப்பக்கம் போனது. அப்போதும் பத்திரமாக வெட்ஜால் (குட்டை தூரத்துக்கான மட்டை) வெளியே வந்திருக்கலாம். கிரீனையே குறிவைத்தார். பந்து பார்வையாளர் மேடையில் பட்டுத் திரும்பி அடர்ந்த புல்லில் விழுந்தது, அடுத்தது ஓடைக்குள். 7. பிளே-ஆஃபில் பால் லாரி ஜெயித்தார். அங்கே கேட்க வேண்டிய கேள்வி "எவ்வளவு தூரம் போகும்?" அல்ல, "எனக்கு எத்தனை தேவை?"

கேட்டவர்

நன்றி. முதல் டீயில் முன் குழு நகரும் வரை பத்து நிமிடம் நிற்க வேண்டியிருக்கிறது. அப்போதுதான் கை இறுகுகிறது. அந்த நேரத்தில் என்ன செய்வது?

பதில் 1

மற்றவர்கள் ஸ்விங்கைப் பார்க்காதீர்கள், வேகம் தொற்றிக்கொள்ளும். கையுறையைக் கழற்றி வையுங்கள். முறை வந்ததும் மாட்டுவதிலிருந்தே உங்கள் வரிசை தொடங்கட்டும். அதுவரை கிளப்பை இறுக்கிப் பிடித்து 5 எண்ணித் தளர்த்துங்கள், மூன்று தடவை. இறுக்கம் எது, தளர்வு எது என்று கைக்கு அப்போதுதான் தெரியும். அதற்கும் மசியாவிட்டால் டிரைவருக்குப் பதில் அதைவிடக் கொஞ்சம் குட்டையான 3 வுட்டை எடுத்து, டீயைத் தாழ்வாகக் குத்தி அடியுங்கள்.