ஆயாவின் கண்டாங்கியில் மகளுக்கு எலாஸ்டிக் பாவாடை: வெட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன்

பள்ளத்தூர் பொண்ணு

எல்லாருக்கும் வணக்கம். என் மகளுக்கு 5 வயது. இந்த வருஷம் எங்கள் நகரத்தார் வீடுகளில் கும்பிடும் பிள்ளையார் நோன்புக்கு அவள் முதன்முதலாகத் தன் கையாலேயே இழை, அதாவது மாவில் வைத்து ஏற்றிய நூல் திரி, எடுத்துக்கொள்ளப் போகிறாள் (போன வருஷம் வரை நான் மடியில் வைத்துக்கொண்டுதான் எடுத்தேன்). அன்றைக்கு எங்கள் ஆயாவின் (அம்மாவைப் பெற்றவர்) கண்டாங்கிச் சேலையில், அதாவது செட்டிநாட்டுக் கைத்தறிக் காட்டன் சேலையில், ஒரு பாவாடை தைத்துப் போட வேண்டும் என்று ரொம்ப ஆசை. அரக்குச் சிவப்பில் கட்டம், கடுகு மஞ்சள் கரை. ஆயா பின்கொசுவம் வைத்துக் கட்டியது. கொசுவம் வரும் இடத்தில் ஒரு முழத்துக்குக் கிழிந்துவிட்டது, அதனால் சேலையாக இனி யாரும் கட்ட முடியாது. பத்து வருஷமாக டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது.

நேராக அதில் கத்தரி வைக்கப் பயந்து, முதலில் வீட்டில் இருந்த ஒன்றரை மீட்டர் புதுக் காட்டன் துணியில் தைத்துப் பார்த்தேன். மூன்று விஷயம் சரியாக வரவில்லை. ஒன்று, இடுப்பைச் சுற்றித் துணி மூட்டை மாதிரி பொதபொதவென்று நிற்கிறது. இரண்டு, எலாஸ்டிக் உள்ளுக்குள் முறுக்கிக்கொண்டு கயிறு மாதிரி ஆகிவிடுகிறது, ஒவ்வொரு தடவை துவைத்த பிறகும் விரலால் நெருடி நெருடி நேராக்க வேண்டியிருக்கிறது. மூன்றாவதுதான் எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது: ஒரு மணி நேரம் போட்டுக் கழற்றியபோது பிள்ளையின் இடுப்பில் சிவப்பாக வரி விழுந்திருந்தது. அவள் வாய் திறந்து சொல்லவே இல்லை.

அளவு சொல்கிறேன். இடுப்பு 21 இஞ்ச், புட்டத்தைச் சுற்றி 23 இஞ்ச். முக்கால் இஞ்ச் எலாஸ்டிக் 18 இஞ்ச் வெட்டி, 2 இஞ்ச் மடிப்புக்குள் கோர்த்தேன். மெஷின் காலால் மிதிக்கிற பழையதுதான், நன்றாக ஓடுகிறது. சேலை ஒன்றுதான் இருக்கிறது, தப்பாக வெட்டினால் திரும்பக் கிடைக்காது. தைக்கத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊசிநூல் காரைக்குடி

தங்கச்சி, நீங்கள் அளவெல்லாம் எழுதியதால் பதில் சொல்லச் சுலபமாக இருக்கிறது. உங்கள் மூன்று பிரச்சினைக்கும் காரணம் அந்த எண்களிலேயே இருக்கிறது.

ஒன்றரை மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 60 இஞ்ச். 21 இஞ்ச் இடுப்புக்கு அது மூன்று மடங்கு. மெல்லிய மல் துணிக்கு அது சரி, காட்டனுக்கு அதிகம், கண்டாங்கிக்கு ரொம்பவே அதிகம். புட்ட அளவுக்கு இரண்டு மடங்கு, அதாவது 46 இஞ்ச் வைத்தாலே நல்ல சுருக்கம் வரும். பழைய கண்டாங்கி தடிமன் கூடுதலாக இருந்தால் 42 போதும். இதோடு மூட்டித் தைக்க இரண்டு பக்கமும் அரை அரை இஞ்ச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எலாஸ்டிக் முறுக்கிக்கொள்வது மடிப்பு அகலமாக இருப்பதால். முக்கால் இஞ்ச் எலாஸ்டிக்குக்கு 2 இஞ்ச் இடம் கொடுத்தால் அது உள்ளே புரண்டு படுக்கும். ஒரு இஞ்ச் எலாஸ்டிக் வாங்குங்கள், அதற்கு ஒன்றேகால் இஞ்ச் மடிப்பு, அவ்வளவுதான். கோர்த்து முடித்துச் சுருக்கத்தைச் சமமாகப் பரப்பிய பிறகு, பின் மூட்டின் மேலேயே எலாஸ்டிக்கையும் சேர்த்து மேலிருந்து கீழாக ஒரு தையல் போடுங்கள். இரண்டு விலாப்பக்கமும் அதே மாதிரி ஒவ்வொன்று. அப்புறம் வாஷிங் மெஷினில் போட்டாலும் அது புரளாது.

சிவப்பு வரி விழுந்தது 18 இஞ்ச் வெட்டியதால். ஒன்றின் மேல் ஒன்று வைத்துத் தைக்க ஒரு இஞ்ச் போனால் 17தான் மிச்சம். 21 இஞ்ச் வயிற்றை 17 இஞ்ச் எலாஸ்டிக் இறுக்கினால் பிள்ளைக்கு வலிக்கத்தான் செய்யும். இடுப்பு அளவில் ஒன்றரை இஞ்ச் குறைவு போதும், அதாவது தைத்து முடித்த பிறகு 19½. வெட்டும்போது 21½ வெட்டுங்கள். 2 இஞ்ச் ஒன்றின் மேல் ஒன்று ஏறட்டும், அடுத்த வருஷம் பிரித்து விட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று, இதை நான் யார் வந்து கேட்டாலும் சொல்வேன். எலாஸ்டிக்கைக் கோர்த்தவுடன் மூட்டிவிடாதீர்கள். ஊக்குப் போட்டு நிறுத்தி, பிள்ளைக்குப் பாவாடையை மாட்டி, சம்மணம் போட்டு உட்காரவைத்துச் சாப்பாடு கொடுங்கள். சாப்பிட்டு எழுந்த பிறகு இடுப்பைப் பாருங்கள். நின்றுகொண்டிருக்கும்போது சரியாக இருக்கிற எலாஸ்டிக், சாப்பிட்டு உட்காரும்போது வயிற்றை வெட்டும். குழந்தைகள் சொல்ல மாட்டார்கள், நாம்தான் பார்க்க வேண்டும்.

தேவகோட்டை ஆச்சி

ஆயா சேலை என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை அம்மா. வெட்டலாமா என்று தயங்காதே. கிழிந்த சேலை பெட்டியில் மடித்த மடிப்பிலேயே இற்றுப்போகும், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் அப்பத்தா சேலை ஒன்றை நாற்பது வருஷம் பத்திரமாக வைத்திருந்து, ஒருநாள் எடுத்து உதறியபோது மடிப்பு மடிப்பாகப் பிரிந்து கையோடு வந்துவிட்டது. 2019-இல் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தி வந்த அன்றைக்கு அந்தச் சேலையைத்தான் நினைத்துக்கொண்டேன். உன் மகள் அதைக் கட்டிக்கொண்டு வளவில் (வீட்டு நடு முற்றத்தில்) ஓடட்டும்.

ஆனால் எந்த இடத்தில் வெட்டுவது என்பதில் கவனம் வேண்டும். சேலையின் கீழ்க்கரை தரையில் உரசி உரசித் தேய்ந்திருக்கும். மேல்கரை இடுப்பில் செருகியது, அது திடமாக இருக்கும். ஆகவே மேல்கரையைப் பாவாடைக்குக் கீழே வரும்படி வை. கொசுவம் வந்த இடமும் தோளில் கிடந்த இடமும் வேண்டாம். வெட்டுவதற்கு முன்னால் சேலையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார், இழை விலகிய இடம் சல்லடை மாதிரி தெரியும். அப்புறம் இரண்டு கட்டை விரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து லேசாக இழு. சரட்டென்று சத்தம் கேட்டால் அந்த இடத்தை விட்டுவிடு.

நீளம் கணுக்காலுக்கு மேல் நிற்கட்டும். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் வழுக்கும், பாவாடை தட்டினால் வளவுப் படியில் விழுந்துவிடுவாள்.

புதுவயல் மருமகள்

ஆச்சி சொன்ன மேல்கரை விஷயம் எனக்கே புதிது, நன்றி ஆச்சி.

சேலையில் தைக்கும்போது ஒரு வசதி இருக்கிறது, கரையே ஓரம் என்பதால் கீழே மடித்து அடிக்கத் தேவையில்லை. ஆனால் அதனாலேயே நீளத்தில் தப்பு செய்தால் கீழே திருத்த முடியாது, எல்லாம் மேலேதான். என் மகளுக்குத் தைத்த கணக்கைச் சொல்கிறேன். முடிந்த நீளம் 19 இஞ்ச். மேல் மடிப்புக்கு ஒன்றேகால், அதன் நுனியை உள்ளே மடக்க அரை, ஆக ஒன்றேமுக்கால். வளர்ந்தால் இறக்கிவிட, கரைக்குக் கொஞ்சம் மேலே உள்பக்கமாக ஒரு இஞ்ச் ஆழத்தில் மடிப்புப் பிடித்தேன், அதற்கு 2 இஞ்ச். மொத்தம் 22¾. அந்த மடிப்பை மட்டும் பெரிய தையலாகப் போட்டால் பிரிப்பது சுலபம். என்னிடம் இருந்த சேலை 47 இஞ்ச் அகலம், அதனால் இரண்டு பக்கக் கரையிலும் ஒவ்வொரு பாவாடை வந்தது. ஒன்று என் மகளுக்கு, இன்னொன்று நாத்தனார் மகளுக்கு. உங்கள் சேலையில் கீழ்க்கரை எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

கட்டம் போட்ட துணியில் மூட்டு எங்கே வருகிறது என்பது முக்கியம். ஒரே மூட்டுத்தான், அது பின்பக்கம் வரட்டும். இரண்டு ஓரத்தையும் வெட்டும்போது ஓரத்திலிருந்து அரை இஞ்ச் உள்ளே வரும் இடத்தில் கட்டம் தொடர்கிறதா என்று வைத்துப் பார்த்துவிட்டு வெட்டுங்கள். மூட்டும்போது கரைக்கோடு கரைக்கோட்டோடு சேரும்படி முதலில் கீழே ஒரு குண்டூசி, அப்புறம் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒன்று. கரையிலிருந்து தைக்க ஆரம்பித்து மேலே போங்கள். ஒரு நூல் அளவு நகர்ந்தாலும் மேலே நகரட்டும், அது சுருக்கத்துக்குள் மறைந்துவிடும்.

அப்புறம் ஊக்கில் எலாஸ்டிக்கை மாட்டித் தள்ளிக்கொண்டு போகும்போது மூட்டு வரும் இடத்தில் ஊக்கு உள்ளே இருக்கிற துணி விளிம்பில் போய் முட்டி நிற்கும். முன்னேயும் போகாது பின்னேயும் வராது, அந்த நேரம் அழுத்தினால் ஊக்கு திறந்து பழைய துணியைக் கிழித்துவிடும். இதற்கு வழி, மேல்மடிப்பை மடிப்பதற்கு முன்பே மூட்டின் இரண்டு விளிம்பையும் விரித்து, மேலே 4 இஞ்ச் வரைக்கும் துணியோடு சேர்த்துப் படியத் தைத்துவிடுங்கள். ஊக்கு வழுக்கிக்கொண்டு போகும். எலாஸ்டிக்கின் மறுநுனியை இன்னொரு ஊக்கால் துணியோடு குத்தி வைக்க மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் அதுவும் உள்ளே போய்விடும்.

பள்ளத்தூர் பொண்ணு

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஆச்சி, நீங்கள் சொன்னபடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கீழ்க்கரை பக்கம் முழுக்கச் சல்லடைதான். மேல்கரை நன்றாக இருக்கிறது. உள்முந்திப் பக்கமாக (கட்டும்போது உள்ளே போகும் நுனி) ஒன்றரை கஜத்துக்கு மேல் ஒரு பொத்தல்கூட இல்லை.

இன்னும் இரண்டு சந்தேகம். சிவப்பு சாயம் போகுமோ என்று பயமாக இருக்கிறது, உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் நிற்கும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்கள், சரியா? உள்ளே லைனிங் கொடுக்க வேண்டுமா? வீட்டில் பளபளவென்று ஒரு லைனிங் துணி இருக்கிறது, வழுவழுப்பாக இருப்பதால் பிள்ளைக்கு உறுத்தாது என்று நினைத்தேன்.

ஊசிநூல் காரைக்குடி

அந்தப் பளபளப்புத் துணி வேண்டாம் தங்கச்சி, தயவுசெய்து வேண்டாம். நோன்பு வீட்டில் பிள்ளை இழை எடுக்கப் போகிறாள், மாவில் 21 இழைத் திரி சுடரோடு கைக்கு வரும். பாலியெஸ்டர், நைலான் எல்லாம் நெருப்புப் பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். காட்டனும் பற்றிக்கொள்ளும்தான், அதனால் எந்தத் துணியாக இருந்தாலும் இழை எடுக்கும்போது பாவாடையை முழங்காலுக்குள் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு நீங்கள் பக்கத்தில் இருங்கள். லைனிங் வேண்டும் என்றால் வெள்ளை மல் துணி வாங்குங்கள், பழைய வேட்டி இருந்தால் அதைவிட நல்லது, பல தடவை துவைத்துத் துவைத்துப் பஞ்சு மாதிரி இருக்கும். லைனிங்கைப் பாவாடையைவிட ஒரு இஞ்ச் குட்டையாக வெட்டி, சுற்றளவையும் 34 இஞ்சாகக் குறைத்து, கையால் ஓட்டுத் தையல் போட்டுச் சுருக்கி மேலே சேர்த்துவிடுங்கள். 46-க்கு 46 வைத்தால் மறுபடி அந்த மூட்டைதான் வரும்.

உப்பு பற்றி: சாயம் போடுகிற நேரத்தில் துணி சாயத்தைப் பிடிப்பதற்கு உப்பு சேர்ப்பார்கள். நெய்து முடித்துப் பல வருஷம் ஆன துணியில் உப்புத் தண்ணீர் சாயத்தைப் பிடித்து வைக்காது. பச்சைத் தண்ணீரில் தனியாக அலசுங்கள், தண்ணீர் தெளிவாக வரும் வரைக்கும். ஆயா பல வருஷம் கட்டித் துவைத்த சேலை என்றால் போக வேண்டிய சாயம் அநேகமாகப் போயிருக்கும். ஈர வெள்ளைத் துணியை ஓரமாக ஒரு இடத்தில் வைத்து அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், வெள்ளையில் சிவப்பு ஏறினால் இன்னும் போகிறது என்று அர்த்தம், லைனிங் சேர்ப்பதற்கு முன் இன்னும் நாலு அலசு. பழைய கஞ்சி இருந்தாலும் அதில் போய்விடும். புது மல் துணியையும் நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டுங்கள், இல்லாவிட்டால் முதல் துவைப்பில் லைனிங் மட்டும் சுருங்கி மேல்துணியை இழுக்கும்.

மெஷினில் 14-ஆம் நம்பர் ஊசி, புதிதாகப் போடுங்கள். மழுங்கின ஊசி பழைய இழையை அறுக்கும். தையல் ரொம்பச் சின்னதாக வேண்டாம், பழைய துணியில் சின்னத் தையல் போட்டால் தபால்தலை ஓரம் மாதிரி வரிசையாக ஓட்டை விழுந்து அதே கோட்டில் கிழியும். இஸ்திரி போடும்போது எலாஸ்டிக் மேல் பெட்டியை வைக்காதீர்கள், சூட்டில் ரப்பர் செத்துப்போகும்.

பள்ளத்தூர் பொண்ணு

நேற்று ராத்திரி தைத்து முடித்தேன். 44 இஞ்ச் வைத்தேன், அளவான சுருக்கம். எங்கள் ஐயாவின் (தாத்தாவின்) வேட்டிதான் லைனிங். ஊக்கு மூட்டில் முட்டவே இல்லை, புதுவயல் மருமகள் சொன்ன அந்த 4 இஞ்ச் தையலுக்கு என் நன்றி. சம்மணம் போடவைத்து இட்லி கொடுத்துப் பார்த்தேன், 19½-இல் லேசாகப் பதிந்த மாதிரி இருந்தது, அதனால் 20 ஆக்கிவிட்டேன். கழற்றிப் பார்த்தால் வரியே இல்லை.

கிழிந்த துண்டு, கீழ்க்கரை எல்லாம் வைத்திருக்கிறேன், தூக்கிப்போட மனசு வரவில்லை. கரையை மட்டும் வெட்டி எடுத்துத் தலையணை உறைக்கு ஓரம் வைக்க முடியுமா ஆச்சி? சல்லடையாக இருக்கிற துணிக்குப் பின்னால் வேறு துணி கொடுத்தால் தாங்குமா?

தேவகோட்டை ஆச்சி

தாங்கும் அம்மா. பின்னால் வேட்டித் துணி கொடுத்து, கையால் நெருக்கி ஓட்டுத் தையல் போடு. மெஷின் வேண்டாம்.