12 பேரில் 3 பேர் ஃபெயில்: பள்ளியை எப்படி எடைபோடுவது?

கட்டபெட்டு பெற்றோர்:
கோத்தகிரி பக்கம் ஒரு சின்ன அரசு உயர்நிலைப் பள்ளி. பத்தாம் வகுப்பில் போன வருடம் 12 பேரும் பாஸ். இந்த வருடம் 12 பேரில் 3 பேர் ஃபெயில், அதாவது தேர்ச்சி 75 சதவீதம். ஹெச்.எம்.மிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். இந்த ஒரு எண் போதுமா? எஸ்.எம்.சி. (பள்ளி மேலாண்மைக் குழு) கூட்டத்தில் வேறு என்ன கேட்கலாம்? அமெரிக்காவில் மாநில அரசே பள்ளிகளைத் தரம் பிரிக்கிறதாமே, அங்கே சின்னப் பள்ளிகளை என்ன செய்கிறார்கள்?

குன்னூர் கணக்கு:
போதாது. 12 பேரில் ஒருவர் தவறினாலே 8.3 புள்ளி போய்விடும். 200 பேர் எழுதும் பள்ளியில் அதே ஒருவருக்கு அரைப் புள்ளிதான். மூன்று வருடத்தைச் சேர்த்துப் பாருங்கள். அதற்கு முந்தைய வருடம் 11 பேரில் 10 பேர் பாஸ் என்றால், மொத்தம் 35க்கு 31, அதாவது 88.6. சதவீதங்களைக் கூட்டி மூன்றால் வகுக்காதீர்கள், தலைகளைக் கூட்டுங்கள்.

அமெரிக்காவில் 2015 கல்விச் சட்டப்படி 3 முதல் 8 வகுப்பு வரை ஆண்டுதோறும், உயர்நிலையில் ஒருமுறை, வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு. ஏழைப் பிள்ளைகளுக்கான மத்திய நிதி பெறும் பள்ளிகளில் கடைசி 5 சதவீதத்தையும், மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ பிள்ளைகள் படிப்பை முடிக்காத உயர்நிலைப் பள்ளிகளையும் மாநிலம் பிரித்தெடுத்து உதவ வேண்டும். சின்னப் பள்ளிகளைப் பொறுத்தவரை, ஒரு மாணவர் குழுவில் குறைந்தது இத்தனை பேர் இருந்தால்தான் கணக்கு என்று ஒவ்வொரு மாநிலமும் வரம்பு வைக்கிறது. சில வருடங்களைச் சேர்த்துப் பார்க்கவும் இடமுண்டு.

பந்தலூர் மழை:
சார் சொன்னது பாதிதான். பாஸ் எண்ணிக்கையை விட, யாரை வைத்து வகுத்தார்கள் என்பதுதான் விஷயம். நம்மிடம் தேர்வு எழுதியவர்களை வைத்துத்தான் தேர்ச்சி விகிதம். எட்டு வரை யாரையும் நிறுத்த முடியாது, ஒன்பதில் முடியும். மெல்லப் படிப்பவனை அங்கேயே நிறுத்தினாலோ, டி.சி. கொடுத்துத் தனித்தேர்வராக எழுதச் சொன்னாலோ 100 வந்துவிடும்! அந்த 12க்கு 12ஐயும் சந்தேகித்தே பாருங்கள்.

கேட்க வேண்டியது: அதே பிள்ளைகள் ஒன்பதில் சேர்ந்தபோது எத்தனை பேர், பத்தின் நாமினல் ரோலில் (தேர்வு எழுத வேண்டியவர்களின் பெயர்ப்பட்டியல்) எத்தனை, எழுதியவர் எத்தனை. டி.சி. வாங்கியவர், அரசின் மாணவர் பதிவு இணையதளமான எமிஸில் பொதுத் தொகுப்புக்குப் போவார். வேறு பள்ளி எடுத்துக்கொள்ளாமல் அங்கேயே கிடந்தால் இடைநிற்றல் என்று அர்த்தம். எஸ்டேட் வேலை மாறும் குடும்பங்களில் இது அடிக்கடி நடக்கும். அமெரிக்கச் சட்டம் 95 சதவீதம் பேர் தேர்வு எழுத வேண்டும் என்பதும் இந்த ஓட்டையை அடைக்கத்தான்.

கட்டபெட்டு பெற்றோர்:
நன்றிங்க. தவறிய மூவருமே கணக்கில்தான்.

குன்னூர் கணக்கு:
அப்படியானால் கணக்கு ஆசிரியர் பணியிடம் எத்தனை மாதம் காலியாக இருந்தது என்று முதலில் கேளுங்கள். பிறகு மார்க். 30க்கு மேல் எடுத்தவருக்குத் துணைத் தேர்வுக்குள் சில வாரப் பயிற்சி போதும். 10, 12 எடுத்தவருக்கு வகுத்தலும் பின்னமுமே தடுமாறும். அவருக்கு மாதிரி வினாத்தாள் கொடுப்பது வீண். காலியிடத்தைத் தீர்மானமாகவே எழுதி மினிட்ஸில் ஏற்றுங்கள், வாய்ப்பேச்சு நிற்காது. பதிவேட்டில் உள்ள இந்த எண்ணிக்கைகளைத் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனு போடலாம், 30 நாளில் பதில் வர வேண்டும்.