நன்கொடைக் குலுக்கல்ல கார்: டிக்கெட் வாங்கலாமா?

தேவகோட்டை ஆச்சி:
நான் படிச்ச பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாத்தணும்னு பழைய மாணவர்கள் சிலர் 500 ரூபாய் டிக்கெட் விக்கிறாங்க. தைப்பூசத்தன்னிக்குக் குலுக்கல், முதல் பரிசு கார். ஒரு டிக்கெட் கட்டை என்கிட்டயும் கொடுத்து, சொந்தக்காரங்ககிட்ட வித்துத் தரச் சொல்றாங்க. மழைக்கு வகுப்பு ஒழுகுது, பிள்ளைக நனையுதுன்னு கேட்டா மனசு கேக்கலை. ஆனா இது லாட்டரியில சேராதா?

காரைக்குடிக்காரன்:
நல்ல காரியம்தானே ஆச்சி, தாராளமா வாங்குங்க. கேரளாவுல அரசாங்கமே விக்குதே!

பள்ளத்தூர் கணக்கர்:
ஆச்சி, அந்தக் கட்டைத் திருப்பிக் கொடுத்திருங்க. கேரளாவுல விக்கிறது அரசு லாட்டரி, அதையும் அந்த மாநிலத்துக்குள்ளதான் விக்கலாம். தமிழ்நாட்டுல 2003 ஜனவரியில இருந்து லாட்டரிக்கே தடை. காசு வாங்கிச் சீட்டு கொடுத்து, குலுக்கிப் பரிசு கொடுத்தா அது லாட்டரிதான். மேல 'நன்கொடை'ன்னு அச்சடிச்சதால மாறிடாது. அரசு அனுமதி இல்லாம குலுக்கலுக்குன்னு இடம் வச்சு நடத்தினா, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா 297-ஆம் பிரிவுல ஆறு மாசம் வரைக்கும் சிறை, இல்ல அபராதம், இல்ல ரெண்டும். பரிசு தர்றோம்னு விளம்பரம் போடுறவங்களுக்கு 5,000 ரூபாய் வரைக்கும் அபராதம். நல்ல மனசோட வித்துக் கொடுக்கப் போற நீங்க எதுக்கு இதுல மாட்டணும்?

வரியையும் பாருங்க. அனுமதி உள்ள குலுக்கல்லயே பரிசுக்கு 30 சதவீத வரி, அந்த வரித்தொகை மேல 4 சதவீதம் செஸ்ங்கிற கூடுதல் வரி. 6 லட்ச ரூபாய் கார் விழுந்தா 1,87,200 ரூபாய். அதைக் கட்டின பிறகுதான் சாவியையே கொடுக்கணும்.

நம்ம பக்கம் கோயில் திருப்பணின்னா புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவுன்னு வரி போட்டு நோட்டுல எழுதுவாங்க. யாவாரத்துல ஒரு பங்கை மகமைன்னு எடுத்து வச்சு தர்மம் செஞ்ச ஊரு இது. பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாத்தக் காரைக் காட்டித்தான் காசு கேக்கணுமா? சதுர அடிக்கு என்ன செலவுன்னு கணக்கை வெளிய வச்சுக் கேளுங்க, நானும் தர்றேன்.

தேவகோட்டை ஆச்சி:
கட்டை நாளைக்கே கொடுத்திர்றேன் அண்ணே. நேரா 5,000 கொடுத்தா வரிக்கழிவு உண்டா?

பள்ளத்தூர் கணக்கர்:
வாங்குற அறக்கட்டளைக்கு அதுக்கான பதிவு இருக்கணும், நீங்க பழைய வரி முறையில இருக்கணும். 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமாக் கொடுத்தா கழிவு இல்லை. செக்காக் கொடுத்து ரசீது வாங்கிக்குங்க.