புதுப்பிப்பு: ஆன்லைன் இன்டர்னலும் சாட்ஜிபிடியும்

போன வாரம் புலம்பியிருந்தேனே, ஆன்லைன் இன்டர்னல் தேர்வில் 11 பேர் விடை, சாட்ஜிபிடியில் எடுத்தது போல, அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்ததென்று? அதன் தொடர்ச்சி.

"டிடெக்டர்ல போட்டுப் பாருங்க சார்" என்று பலர் சொன்னீர்கள், அதாவது எழுதியது மனிதரா மெஷினா என்று கணிக்கும் மென்பொருளில். போடவில்லை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐயே தன் டிடெக்டரைத் துல்லியம் போதாதென்று 2023 ஜூலையில் மூடிவிட்டது. அவர்கள் சோதனையிலேயே, மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை மெஷின் எழுத்து என்றது அது! அதை நம்பி ஒரு பிள்ளையின் மார்க்கில் கைவைப்பதா?

ஆளுக்கு 5 நிமிடம் வைவா (வாய்மொழித் தேர்வு) வைத்தேன். நார்மலைசேஷன் (டேட்டாபேஸில் ஒரே தகவல் திரும்பத் திரும்ப வராதபடி டேபிள்களைப் பிரிப்பது) பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவனிடம், தாம்பரம்–பீச் ரயில் டிக்கெட்டுக்கு டேபிள் போடச் சொன்னேன். பேனா மூடியைக் கடித்துக்கொண்டே நின்றான். அடுத்து வந்த பெண் மடமடவென்று போட்டுவிட்டு, "சாட்ஜிபிடிகிட்ட இங்கிலீஷைத் திருத்தத்தான் சார் கேட்டேன்" என்றாள். அவள் மார்க் அப்படியே இருக்கிறது. நாலு பேருக்கு மட்டும் திங்கட்கிழமை லேபில் மறுதேர்வு, பேப்பரும் பேனாவும்தான்.