அடைக்கு வைப்பதற்கு முன் ஒரு கணக்கு

கருங்கல் தங்கை (காலை 6:48)
நம் குடும்பக் குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். கோழி வளர்த்துப் பழகிய பெரியவர்களிடம் ஒரு முடிவு கேட்டு எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு வீட்டு முட்டை கிடைக்க வேண்டும் என்பதற்காகக் கடந்த ஆடியில் 4 பெட்டைகளும் ஒரு சேவலும் வாங்கினோம். அதற்கு மேல் வேண்டாம் என்பதே எங்கள் எண்ணமாக இருந்தது. நேற்று மாலை கூட்டில் அடைந்தபோது எண்ணினால் 31 இருக்கின்றன. புரட்டாசியில் பொரித்தவை 12 வளர்ந்து நிற்கின்றன, அவற்றில் 7 சேவல்கள். இப்போது இரண்டு தாய்களின் பின்னால் 14 குஞ்சுகள் திரிகின்றன. அந்தப் பதினான்கில் ஒன்பதை நாங்கள் அடைக்கு வைக்கவே இல்லை. காணாமல் போய்விட்டது என்று நாங்கள் நினைத்திருந்த ஒரு கோழி, மரச்சீனி விளையின் (மரவள்ளித் தோட்டத்தின்) ஓரத்தில் கிடந்த ஓலைக் குவியலுக்குள் இருந்து அவற்றைக் கூட்டிக்கொண்டு வந்தது. இன்று காலை கறுப்புப் பெட்டையும் ஓர் இளம் பெட்டையும் அடைக்குப் படுத்திருக்கின்றன. அவற்றுக்கு முட்டை வைக்கலாமா, எழுப்பிவிட வேண்டுமா?

குலசேகரம் அத்தை (காலை 7:05)
மக்களே, அடைக்குப் படுத்த கோழியை வெறும் கூட்டில் விடக்கூடாது என்றுதான் எங்கள் அம்மை சொல்லுவார். 10 முட்டை எடுத்து வை. குஞ்சு நிறைந்த முற்றம் வீட்டுக்கு நல்லது.

தக்கலை சித்தப்பா (காலை 7:31)
அக்கா சொல்வதை மறுத்துப் பேசுகிறேனே என்று யாரும் எண்ண வேண்டாம். கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்த காலம் முழுவதும் இதே கேள்வியை வீடு வீடாகக் கேட்டிருக்கிறேன். எத்தனை கோழி வளர்ப்பது என்று வாங்குகிற நாளில் முடிவு செய்துவிட்டதாக எல்லோரும் நம்புகிறார்கள். உண்மையில் அந்த எண்ணிக்கை, கோழி படுக்கும்போது அதன் அடியில் நாம் எத்தனை முட்டைகளை விட்டுவைக்கிறோம் என்பதில்தான் முடிவாகிறது. முட்டையாக இருக்கும்போது வேண்டாம் என்று சொல்வது எளிது. குஞ்சாகிவிட்ட பிறகு அப்படிச் சொல்ல யாருக்கும் மனம் வருவதில்லை.

நான் (காலை 7:50)
சித்தப்பா, அத்தை சொல்வதும் எங்கள் சிறு வயதில் நாங்கள் கண்டதுதானே? அப்பத்தா வீட்டில் எல்லாக் கோழியையும் அடைக்கு வைத்தார்கள். அப்படியும் முற்றத்தில் எட்டோ பத்தோ கோழிகளுக்கு மேல் நான் கண்டதில்லை. அன்று கூடாத எண்ணிக்கை இன்று ஏன் இப்படிக் கூடுகிறது?

தக்கலை சித்தப்பா (காலை 8:22)
நல்ல கேள்வி. இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன். அன்று பொரித்த குஞ்சுகளில் பெரும்பகுதி பருந்துக்கும் கீரிக்கும் மரநாய்க்கும் போயிற்று. மீதி இருந்தவற்றை வெள்ளைக்கழிச்சல் கொண்டுபோயிற்று. அந்த நோய் 1926-ல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் அடையாளம் காணப்பட்டது. அதையடுத்து நம் நாட்டில் இமயமலைப் பகுதியில் உள்ள ராணிக்கேத்திலும் கண்டறியப்பட்டதால் இங்கே அதற்கு ராணிக்கேத் நோய் என்ற பெயர் நிலைத்தது. ஒரு கூட்டில் புகுந்தால் பத்தில் ஒன்று தேறுவதே அரிது. அத்தனை இழப்பையும் ஈடுகட்டித்தான் எல்லாக் கோழியையும் அடைக்கு வைக்கும் வழக்கம் வந்தது. அந்தக் காலத்துக்கு அது முற்றிலும் சரியான வழக்கம். இன்று முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்தும், எட்டாவது வாரத்தில் இறக்கைப் பகுதியில் தோலுக்கடியில் ஓர் ஊசியும் போட்டுவிடுகிறோம். கம்பி வலை போட்ட கூடும் கட்டியாகிவிட்டது. குஞ்சுகள் பிழைக்கும் அளவு மாறிவிட்டது. அடைக்கு வைக்கும் வழக்கம் மட்டும் மாறவில்லை. வீட்டுக்காரர்கள் திட்டமிடாமலே கூட்டம் பெருகுவதற்கு நான் கண்ட முதல் காரணம் இதுதான்.

நான் (காலை 8:40)
அப்படியானால் கணக்கிட்டே பார்த்துவிடலாம். ஒரு நாட்டுப் பெட்டை ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் அடைகாக்கிறது, வைத்த 10 முட்டைகளில் 8 பொரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு பெட்டைக்கு ஆண்டுக்கு 16 குஞ்சுகள். அவற்றில் 4 மட்டும் தேறிய காலத்தில் 4 பெட்டைகளுக்குச் சேர்த்து 16 கோழிகள் மிஞ்சும். அவற்றில் பாதியான சேவல்களைச் சமைத்தோ விற்றோ தீர்த்து, வயதான பெட்டைகளையும் கழித்தால், கூட்டம் பழைய அளவிலிருந்து அதிகம் விலகாது. அதே 16-ல் 12 தேறினால் ஓராண்டில் 48 கோழிகள். அவற்றில் 24 பெட்டைகள், அவையும் ஆறு மாதத்தில் முட்டையிடத் தொடங்கும். தங்கை வீட்டில் 31 ஆனதில் வியப்பே இல்லை. அடுத்த ஆடிக்குள் அது எங்கே போய் நிற்கும் என்பதை எண்ணத்தான் கவலையாக இருக்கிறது.

குலசேகரம் அத்தை (காலை 9:15)
இப்படி யாரும் எனக்கு எண்ணிக் காட்டியதில்லை. தம்பி சொன்ன கழிச்சல் வந்தபோது ஒரே வாரத்தில் எங்கள் கூடு முழுவதும் காலியானதை நான் கண்ணால் கண்டவள். அம்மை அதற்குப் பயந்துதான் எல்லாக் கோழியையும் படுக்க வைத்தார் என்பது இப்போது விளங்குகிறது. சரி மக்களே, இப்போது அடைக்கு வைக்க வேண்டாம் என்று நானும் சொல்கிறேன். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இன்று முட்டை வைத்தால் 21 நாள் கழித்து, இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) கொட்டும்போது குஞ்சு பொரியும். நம் குமரி மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழையும் பெய்வதால் தரை காய்வதற்கே நேரம் இருப்பதில்லை. நனைந்த தரையில் குஞ்சுகளுக்கு இரத்தக்கழிச்சல் வராமல் காப்பது பெரும்பாடு. தை மாதம் பொரிக்கிற குஞ்சுதான் நன்றாக வரும்.

கருங்கல் தங்கை (காலை 9:40)
அத்தை, அந்த ஓலைக் குவியல் கோழியின் செய்கைதான் எனக்கு இன்னும் புரியவில்லை. நாள்தோறும் கூட்டில் முட்டை எடுத்துக்கொண்டுதானே இருந்தேன்?

குலசேகரம் அத்தை (காலை 10:10)
கூட்டில் இருந்த முட்டை மற்ற கோழிகளுடையது. இந்தக் கோழி தனக்கென்று ஓரிடம் பார்த்துவிட்டது. நம்முடைய வீடுகள் நெருக்கமாக இருப்பதில்லை. சுற்றிலும் வாழையும் ரப்பரும் மரச்சீனியும் நிற்கும் விளைக்குள் ஒரு கோழி ஒளிந்துகொள்ள ஆயிரம் இடம் உண்டு. நாள் ஒன்றுக்கு ஒரு முட்டை, சில நாள் இடைவெளி என்று 10, 12 முட்டை சேரும் வரை அது படுக்காது. சூடு படாதவரை முட்டைக்குள் குஞ்சு வளராது. அதனால் முதலில் இட்டதும் கடைசியில் இட்டதும் ஏறக்குறைய ஒரே நாளில் பொரிக்கும். நீ கவனிக்க வேண்டியது என்னவென்றால், படுத்த கோழி நாளுக்கு ஒரு முறைதான் இரைக்கு வரும். இறகை உப்பிக்கொண்டு, விடாமல் கொக்கரித்தபடி, அவசர அவசரமாகத் தின்றுவிட்டு ஓடும். அப்போது விரட்டாமல், சத்தம் போடாமல் பின்னாலேயே போனால் இடம் தெரிந்துவிடும். கோழிகள் கூட்டிலேயே முட்டையிட வேண்டும் என்றால் எல்லா முட்டையையும் எடுத்துவிடாதே. ஒன்றை விட்டுவிட்டு மற்றதை அன்றன்றே எடு. முழுவதும் காலியானால் கோழி அந்த இடத்தை நம்பாது, வேறிடம் தேடிப் போகும்.

தக்கலை சித்தப்பா (காலை 10:25)
மறைவிடத்தைக் கண்டுபிடித்தால் முட்டைகளை உடனே அள்ளிவிட வேண்டாம். இருட்டில் டார்ச் விளக்கின் மேல் ஒரு முட்டையை வைத்துப் பார்க்க வேண்டும். ஏழாம் நாளுக்குள் சிலந்திக் கால்களைப் போன்ற இரத்த நாளங்கள் தெரியத் தொடங்கும். பாதி நாட்களைக் கடந்து உள்ளே இருண்டு நிறைந்திருந்தால் அதைப் பொரிக்க விடுவதே முறை. வளர்ந்த உயிரைக் குப்பையில் எறிவதை நான் எந்த வீட்டிலும் செய்யச் சொன்னதில்லை.

அருமனை மைனி (முற்பகல் 11:02)
சேவல் இருப்பதால்தானே இத்தனை பெருக்கம்? சேவலைக் கொடுத்துவிட்டால் பெட்டைகள் முட்டையிடுவதும் நின்றுவிடுமா, மாமா?

தக்கலை சித்தப்பா (முற்பகல் 11:20)
நிற்காது. முட்டையிடச் சேவல் தேவையே இல்லை, பொரிக்கத்தான் தேவை. ஆனால் சேவலைப் பிரித்த அன்றே முட்டைகள் கருவற்றவையாகிவிடும் என்று எண்ணக்கூடாது. பெட்டையின் உடலில் விந்து இரண்டு வாரம் வரையிலும், சில வேளைகளில் அதற்கு மேலும், தங்கியிருக்கும். அடைகாக்கும் குணம் குறைந்த கிராமப்பிரியா போன்ற இனங்களை வாங்கினால் கூட்டம் தானாகப் பெருகாது. ஆனால் அவை ஓய்ந்ததும் மறுபடி விலைக்கு வாங்கித்தான் ஆக வேண்டும்.

குலசேகரம் அத்தை (முற்பகல் 11:34)
விளையில் மேயும் கோழிக்கு ஒரு சேவல் வேண்டும். பருந்தின் நிழலைக் கண்டதும் முதலில் குரல் கொடுப்பது சேவல்தான். ஒன்று போதும், எட்டு எதற்கு?

கருங்கல் தங்கை (நண்பகல் 12:15)
அந்த ஏழு இளஞ்சேவல்கள்தான் எங்கள் வீட்டில் பெரும் பிரச்சினை. விடியலுக்கு முன்பே ஒன்று மாற்றி ஒன்று கூவுகின்றன. ஒன்றையொன்று கொத்திக் கொண்டை கிழிகிறது, பெட்டைகளின் முதுகில் இறகே இல்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி இரவில் உறக்கம் இல்லை என்று இரண்டு முறை வருத்தப்பட்டுச் சொன்னார். ஆனால் பிள்ளைகள் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்துவிட்டார்கள். அறுக்கப் போகிறோம் என்று தெரிந்தால் அழுவார்கள்.

நான் (நண்பகல் 12:40)
பிள்ளைகள் அழுவதைச் சிறிய விஷயமாக நான் நினைக்கவில்லை. அதற்காகத்தான் சேவல் கணக்கை முன்கூட்டியே எண்ண வேண்டும் என்கிறேன். பொரிப்பதில் பாதி சேவலாகத்தான் இருக்கும். ஆகவே ஒவ்வொரு முறை முட்டை வைக்கும்போதும், அதில் பாதியை ஆறாவது மாதத்தில் எங்கே அனுப்புவோம் என்பதற்கு விடை தெரிந்த பிறகே வைக்க வேண்டும். சந்தையில் சாயம் பூசி விற்கும் குஞ்சுகளையும் தயவுசெய்து வாங்கிக் கொடுக்காதே. அவற்றில் பெரும்பாலானவை முட்டைக்கோழிப் பண்ணைகளுக்குத் தேவைப்படாத சேவல் குஞ்சுகள்.

தக்கலை சித்தப்பா (பிற்பகல் 1:10)
எட்டு முதல் பத்து பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதுமானது. உன்னிடம் இப்போது பெட்டைகளே ஒன்பதுதான். அதிகப்படியான சேவல்களை உடனே விற்க முடியாவிட்டால், பெட்டைகளின் கண்ணில் படாத தனி அடைப்பில் ஒன்றாக விடு. போட்டி குறைவதால் சண்டையும் பெரும்பாலும் தணியும். ஆடி மாதக் கோயில் கொடை விழாக்களுக்குச் சேவல் தேடி வருவோர் நம் ஊர்களில் நிறைய உண்டு. அப்போது வடசேரியிலும் மார்த்தாண்டம் சந்தையிலும் நாட்டுச் சேவலுக்கு நல்ல விலை கிடைக்கும். அக்கா சொன்ன தை மாதப் பொரிப்புக்கும் இது பொருந்துகிறது. தையில் பொரித்தது ஆடியில் ஆறு மாதச் சேவலாகிவிடும்.

இரையையும் எண்ணிக்கொள். வளர்ந்த கோழி ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் 100 கிராம் வேண்டும். ஐந்து கோழிகள் கறையானையும் புழுவையும் கிளறித் தின்று பாதி வயிற்றை நிரப்பிக்கொள்ளும். முப்பது கோழிகள் அதே விளையில் கிளறினால் சில வாரங்களில் மண்ணில் ஒன்றும் மிஞ்சாது, வாழைக்கன்றின் வேரும் வெளியே தெரியும். ஐந்துக்குக் கட்டிய கூட்டில் 31 அடைந்தால் எச்சத்தின் காரமும் கோழிப்பேனும் மழைக்காலத்தில் தாங்காது. ஒரு கோழிக்கு இரவில் குறைந்தது ஒரு சதுர அடியாவது இடம் வேண்டும்.

கருங்கல் தங்கை (பிற்பகல் 2:05)
அப்படியானால் அடைக்குப் படுத்த இரண்டையும் எப்படி எழுப்புவது? தண்ணீரில் முக்கச் சொல்கிறார்கள், மூக்கில் இறகைக் குத்தச் சொல்கிறார்கள்.

தக்கலை சித்தப்பா (பிற்பகல் 2:20)
இரண்டையும் செய்யாதே. இறகு குத்துவது வெறும் வதை. கம்பி வலையால் அடிப்பகுதி அமைந்த ஒரு சிறு கூட்டைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில், வெளிச்சமும் காற்றும் படும் இடத்தில் வை. வைக்கோலோ சாக்கோ விரிக்காதே. இரையும் தண்ணீரும் குறைவின்றிக் கொடு. அடிவயிற்றில் காற்று பட்டு அந்தச் சூடு தணிந்தால் மூன்று நான்கு நாட்களில் அடை தெளிந்துவிடும். எழுந்த கோழி சில வாரங்களில் மறுபடி முட்டையிடும். பிள்ளைகளுக்கு முட்டை வேண்டும் என்பதுதானே உன் முதல் நோக்கம்? அடைகாத்துக் குஞ்சு வளர்க்கும் கோழி மூன்று மாதம் வரை ஒரு முட்டையும் தராது.

அருமனை மைனி (பிற்பகல் 2:45)
என்னிடம் கூடு காலியாக இருக்கிறது. இளம் பெட்டைகளில் மூன்றை நான் எடுத்துக்கொள்கிறேன். சேவல் வேண்டாம்.

குலசேகரம் அத்தை (பிற்பகல் 3:00)
எனக்கு ஒரு சேவல் தா மக்களே, என்னுடையது கிழடாகிவிட்டது. அதை அறுக்க மாட்டேன் என்று பிள்ளைகளிடம் நானே சொல்கிறேன்.

கருங்கல் தங்கை (மாலை 4:30)
மிகவும் நன்றி. இப்போதைக்கு ஒரு முட்டையும் வைக்கப் போவதில்லை. தையில் ஒரே ஒரு கோழியை, 6 முட்டைகளுடன் மட்டும் வைப்பேன். குஞ்சு வேண்டும் என்பவர்கள் அதற்கு முன்பே இந்தக் குழுவில் பெயரைச் சொல்லிவிடட்டும். மீதி ஆறு சேவல்களைத் தனியாக அடைத்து, ஆடியில் விற்கிறோம். அதைப் பிள்ளைகளிடம் இன்றே சொல்லப் போகிறேன், ஒளிக்கப் போவதில்லை.

தக்கலை சித்தப்பா (மாலை 5:10)
நல்லது. அருமனைக்கும் குலசேகரத்துக்கும் போகும் கோழிகளை அங்கே இரண்டு வாரம் தனியே வைத்துக் கவனித்த பிறகே மற்ற கோழிகளோடு விட வேண்டும். இந்தப் பதினான்கு குஞ்சுகளுக்கும் எட்டாவது வார ஊசி எப்போது வருகிறது என்று பார்த்து எனக்கு எழுது. ஒரு குப்பியைக் கரைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், அதில் பல கோழிகளுக்கான மருந்து இருக்கும். ஆகையால் பக்கத்து வீட்டுக் கோழிகளையும் சேர்த்து அரசுக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோகலாம்.

அருமனை மைனி (மாலை 5:25)
சனிக்கிழமை மாலை வருகிறேன். கோழிகள் அடைந்த பிறகு பிடித்தால் மிரளாது. சாக்கில் கட்ட வேண்டாம், காற்றுப் புகும் கூடை ஒன்று நானே கொண்டுவருகிறேன்.