தலைப்பில் மாட்டிக்கொண்ட உயிரியல் பெயர்கள்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

வேர்முடிச்சு:
ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க நான்கே நாள். நெறியாளர் அச்சுப்படியைப் புரட்டிக்கொண்டே வந்து, பொருளடக்கத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். மூன்றாம் இயல், மெலாய்டோகைனி இன்காக்னிட்டா என்ற நூற்புழு. இயலின் முதல் பக்கத்தில், உயிரியல் பெயருக்கு உரியபடி சாய்வெழுத்தில் ஒழுங்காகச் சாய்ந்திருக்கும் பெயர், பொருளடக்கத்தில் விறைப்பாக நிற்கிறது. அடுத்த பக்கத்தின் மேல்விளிம்பிலோ அதே பெயர் முழுக்க முழுக்கக் கேபிட்டலில். “சிற்றினப் பெயருக்கு எப்போதிலிருந்து பெரிய எழுத்து?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

கட்டளைகளால் ஆவணத்தை வடிவமைக்கும் லேட்டெக் மென்பொருளில் செய்த ஆய்வேடு. தலைப்பு இரண்டு வரிக்கு ஓடியதால் சதுர அடைப்புக்குள் ஒரு குறுந்தலைப்பும் கொடுத்திருந்தேன். பொருளடக்கத்துக்கும் மேல்விளிம்புக்கும் போவது அந்தக் குறுந்தலைப்புதான். சாய்வுக் கட்டளையை நானோ சுருள் அடைப்புக்குள் மட்டும் போட்டிருக்கிறேன். சதுரத்துக்குள்ளும் எம்ஃப் என்ற அந்தச் சாய்வுக் கட்டளையைப் போட்டதும் பொருளடக்கம் சரியானது. மேல்விளிம்பு மட்டும் அடங்கவில்லை. கேபிட்டல் அப்படியே இருக்கிறது. போதாக்குறைக்கு இப்போது வரி முழுவதும் சாய்ந்திருக்க, பெயர் மட்டும் நேராக நிற்கிறது! உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

பூஞ்சைப்பிரியன்:
நடக்காதவர் யார்? லேட்டெக்கின் புக், ரிப்போர்ட் ஆவண வகுப்புகளில் மேல்விளிம்பு வரியைக் கேபிட்டலாக்கிச் சாய்த்துப் போடுவது பழைய வழக்கம். ஃபேன்சிஹெட்டர் தொகுப்பைச் சேர்த்து, வரியை நோஅப்பர்கேஸ் கட்டளைக்குள் வைத்தால் கேபிட்டல் போய்விடும். பெயரை மட்டும் காப்பாற்றினால் போதும் என்றால் புதிய லேட்டெக்கில் நோகேஸ்சேஞ்ச் என்றே ஒரு கட்டளை இருக்கிறது.

ஆனால் பெயர் நேராக நிற்பதைத் தயவுசெய்து “சரிசெய்து” விடாதீர்கள். அது பிழையே இல்லை. எம்ஃப் தன்னைச் சுற்றியுள்ள எழுத்தைப் பார்த்து நடக்கும்: நேர் எழுத்துக்கு நடுவே சாயும், சாய்வுக்கு நடுவே நிமிரும். டெக்ஸ்ட்இட் கட்டளை அப்படியில்லை, எங்கே போட்டாலும் சாய்வுதான். பெயர் சுற்றியுள்ள எழுத்திலிருந்து தனித்துத் தெரிய வேண்டும், நமக்கு வேண்டியது அவ்வளவுதான். விலங்குப் பெயரிடல் விதித்தொகுப்பு பரிந்துரைப்பதும் அதையே. சாய்வெழுத்து என்பது அதற்கு நாம் கையாளும் வழக்கமான வழி.

என் முதுகலை ஆய்வேட்டில் உட்தலைப்புகள் எல்லாமே சாய்வு. நான் ஊருக்கு முன்னால் டெக்ஸ்ட்இட் போட்டு வைத்திருந்தேன். ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சையின் பெயர் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. வேறு துறை நண்பன் படித்துவிட்டு, “நைஜர் நாட்டுக்கா போய் மாதிரி எடுத்தாய்?” என்றான்.

குடல்வாசி:
என் கதை வேறு மாதிரி. எங்கள் வேலையில் எஷ்சரிக்கியா கோலை என்ற பாக்டீரியாவும் உண்டு, என்டமீபா கோலை என்ற அமீபாவும் உண்டு. பேரினத்தைச் சுருக்கினால் இரண்டும் ஈ. கோலை. குழப்பம் வேண்டாம் என்று குளோசரீஸ் தொகுப்பைப் பிடித்தேன்: முதல் தடவை வரும்போது முழுப்பெயர், பிறகு சுருக்கம், எல்லாம் தானாக நடக்கும். அந்தக் கட்டளையைத் தலைப்பிலும் போட்டேன்.

முதல் ஓட்டத்தில் எல்லாம் சரி. இரண்டாம் ஓட்டத்தில் கெட்டுவிட்டது! மறுபடி துணைக்கோப்புகளை அழித்துவிட்டு ஓட்டினால் சரி, இன்னொரு தடவை ஓட்டினால் கெட்டது. அரை நாள் போன பிறகுதான் புரிந்தது. முதல் ஓட்டத்தில் பொருளடக்கம் காலி. இரண்டாம் ஓட்டத்தில் பொருளடக்கம் நிரம்பி, நூலின் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. “முதல் தடவை” அங்கேயே செலவாகிவிடுகிறது. அறிமுக இயலின் முதல் வரியிலேயே ஈ. கோலை என்று வருகிறது, எந்தக் கோலை என்று படிப்பவர் சோழி உருட்டிப் பார்க்க வேண்டியதுதான். அந்தத் தொகுப்பின் கையேடே தலைப்புக்குள் அந்தக் கட்டளை வேண்டாம் என்கிறது. நான்தான் பிறகு படித்தேன். இப்போது தலைப்புகளில் முழுப்பெயரைக் கையால் அடித்துவிடுகிறேன்.

வேர்ட்விசுவாசி:
லேட்டெக்காரர்கள் மட்டும்தான் அழ வேண்டுமா? வேர்டில் தலைப்பு ஸ்டைலைப் போட்டு, பெயரை இழுத்துத் தேர்ந்து கன்ட்ரோல் ஐ அழுத்தினேன். பொருளடக்கத்திலும் சாய்வு வந்தது. அப்புறம் ஒரு நாள் எல்லாத் தலைப்புகளுக்கும் ஸ்டைலை மறுபடி போட்டேன். சில தலைப்புகளில் சாய்வு இருக்கிறது, சிலவற்றில் காணோம். பேய் பிடித்ததா என்று பார்த்தால், ஒரு கணக்கு இருக்கிறது: பத்தியில் பாதிக்கு மேல் கைவேலை இருந்தால், ஸ்டைலைப் போடும்போது வேர்ட் அதைத் துடைத்துவிடும். “ஈடிஸ் ஈஜிப்டி பரவல்” போன்ற குட்டித் தலைப்பில் கொசுவின் பெயரே பாதிக்கு மேல். நீண்ட தலைப்புகள் தப்பித்தன.

பெயர்களுக்கென்று தனி எழுத்து ஸ்டைல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். விடுபட்டவற்றைத் தேடி மாற்றும் பெட்டியில் பிடிக்கலாம்: தேடும் இடத்தில் பெயர், மாற்றும் இடத்தில் கூரைக்குறியும் அண்டுக்குறியும் (^&, கிடைத்த சொல்லையே வை என்று பொருள்), கூடவே அந்த ஸ்டைல்.

வகைப்பாட்டுத்தாத்தா:
சாய்க்காமல் விட்டதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். நான் திருத்திய ஆய்வேடுகளில் அதிகம் பார்த்தது சாய்க்கக் கூடாததைச் சாய்த்ததுதான். எஸ்பி. (ஒரு சிற்றினம்), எஸ்பிபி. (பல சிற்றினங்கள்), வேர். (வகை), சப்ஸ்பி. (துணைச்சிற்றினம்) எல்லாம் நேர் எழுத்து. பெயரிட்டவர் பெயரும் ஆண்டும் நேர் எழுத்து. ஈடிஸ் ஈஜிப்டியை லின்னேயஸ் 1762இல் வேறு பேரினத்தில் வைத்தார், அதனால் அவர் பெயர் அடைப்புக்குறிக்குள் போகும்; அந்த அடைப்புக்குறியும் நேர்தான். விலங்குக் குடும்பப் பெயர் சாயாது. வைரஸ் ஆட்கள் குடும்பப் பெயரையும் சாய்ப்பார்கள், அது அவர்கள் மரபு, சண்டைக்குப் போகாதீர்கள். மரபணு சாயும், அதன் புரதம் சாயாது.

லேட்டெக்கில் இன்னொரு நுணுக்கம். எஸ்பி.க்குப் பின் வரும் புள்ளியை வாக்கிய முடிவு என்று நினைத்து அது இடைவெளியை அகட்டிவிடும். புள்ளிக்குப் பின் ஒரு பின்சாய்கோடும் வெற்றிடமும் போட்டால் அடங்கும். “ஈ.”க்கும் “கோலை”க்கும் நடுவே அலைக்குறி போட்டால் வரி உடையாது.

வேர்முடிச்சு:
எல்லோருக்கும் நன்றி. நேராக நின்ற பெயரை அப்படியே விட்டுவிட்டேன். மேல்விளிம்புக்கு நோஅப்பர்கேஸ். ஒவ்வொரு உயிரிக்கும் நியூகமாண்ட் வைத்து ஒரு குட்டிக் கட்டளை செய்து, உள்ளே எம்ஃப் வைத்து, கோப்பு முழுக்கத் தேடி மாற்றினேன். எழுத்துப்பிழை இரண்டு அதில் தானாகவே மாட்டியது.

பிடிஎஃப் புக்மார்க்கில் மட்டும் சாய்வு வராது, அங்கே வெறும் எழுத்துதான் போகும். அதனால் ஒரு தலைப்பில் இருந்த பீட்டா குறிக்கு புக்மார்க்குகளை உருவாக்கும் ஹைப்பர்ரெஃப் தொகுப்பு எச்சரிக்கை கொட்டியது. டெக்ஸ்ஆர்பிடிஎஃப்ஸ்ட்ரிங் கட்டளையில் அச்சுக்குப் பீட்டா குறி, புக்மார்க்குக்கு “பீட்டா” என்ற சொல் என்று பிரித்துக் கொடுத்ததும் அடங்கிவிட்டது.

இன்று காலை இரண்டாம் படியைக் கொடுத்தேன். பொருளடக்கத்தைத் தாண்டினார், மேல்விளிம்புகளைத் தாண்டினார். ஐந்தாம் இயலில் பென்சில் நின்றது. மெலாய்டோகைனி எஸ்பிபி. தேடி மாற்றியபோது எஸ்பிபி.யையும் கட்டளைக்குள் இழுத்துப் போட்டிருக்கிறேன். பேரினத்தோடு சேர்ந்து அதுவும் சாய்ந்து கிடக்கிறது. தாத்தா, உங்கள் பதிவை நேற்றே படித்திருக்க வேண்டும்.