சியாங் மாய்: அம்மாவோடு போவதென்றால் மார்ச்சா, டிசம்பரா?

செந்தூல் மகள்:

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவை வெளிநாடு கூட்டிப் போக வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. அப்பா காலமான பிறகு அவர் செந்தூல் வீடு, கோயில் என்று இருந்துவிட்டார். போன மாதம் தொலைக்காட்சியில் தாய்லாந்தின் சியாங் மாய் மலைக்கோயிலைக் காட்டினார்கள். "இங்கே போகலாமா?" என்று அவரே கேட்டார். அம்மா வாய் திறந்து ஒன்றைக் கேட்பதே அபூர்வம். அதனால் இதைச் சரியாகச் செய்ய வேண்டும்.

அவருக்கு 68 வயது, முழங்கால் வலி. மெதுவாக நடப்பார், படி ஏறுவதுதான் சிரமம். சுத்த சைவம், முட்டையும் கிடையாது. நான் பள்ளி அலுவலகத்தில் வேலை செய்வதால் பள்ளி விடுமுறையில்தான் கிளம்ப முடியும். மார்ச்சில் டிக்கெட் மலிவாக இருக்கிறது. டிசம்பர் விலையைப் பார்த்தால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மார்ச்சில் போனால் என்ன குறை? அம்மாவுக்கு ரயில் என்றால் உயிர், ஒரு பகுதியாவது ரயிலில் போக முடியுமா? சாப்பாட்டுக்கு என்ன வழி? போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்.

ரவாங் தம்பி:

அக்கா, கோலாலம்பூரிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது, மூன்று மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். விமான நிலையம் நகரத்துக்குள்ளேயே இருக்கிற மாதிரிதான், பழைய நகரத்துக்குக் கால் மணி நேரம். கிராப் கார் நன்றாகக் கிடைக்கும்.

இரண்டு விஷயம். முதலாவது, தாய்லாந்து டிஜிட்டல் வருகை அட்டை, டிடிஏசி என்பார்கள். 2025 மே முதல் கட்டாயம். போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். காசு எதுவும் கிடையாது. தேடினால் பணம் கேட்கிற போலி இணையதளங்களும் வரும். தாய்லாந்து குடிநுழைவுத் துறையின் தளத்தில் மட்டும் நிரப்புங்கள், அதன் முகவரி ஜிஓ டாட் டிஎச் என்று முடியும். இரண்டாவது, நம் வங்கிச் செயலியிலிருந்தே அங்கே கடைகளில் இருக்கும் பிராம்ட்பே என்ற தாய்லாந்துப் பணப்பரிமாற்றக் கியூஆரை ஸ்கேன் செய்யலாம். 2021-லிருந்தே நம் மலேசியப் பணப்பரிமாற்ற முறையான டுயிட்நவ்வை அதோடு இணைத்துவிட்டார்கள். ஏடிஎம்மில் எடுத்தால் ஒவ்வொரு தடவையும் தாய்லாந்துப் பணத்தில் 200 பாட்டுக்கு மேல் கட்டணம் போகும், அதனால் கொஞ்சம் ரொக்கத்தை இங்கேயே மாற்றிக்கொண்டு போங்கள். சாலையோரக் கடைக்கும், சொங்தேவ் என்கிற சிவப்புப் பகிர்வு வண்டிக்கும் ரொக்கம் வேண்டும்.

பட்டர்வொர்த் ரயில்காரர்:

தங்கச்சி, முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மார்ச் வேண்டவே வேண்டாம். டிக்கெட் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் வரை வட தாய்லாந்தில் புகைக் காலம். சோளக்காட்டில் அறுவடைக்குப் பிறகு மிஞ்சுகிற தட்டையைக் கொளுத்துவார்கள், காய்ந்த காட்டிலும் தீ பிடிக்கும், எல்லைக்கு அந்தப் பக்கம் மியன்மார், லாவோசிலிருந்தும் புகை வரும். சியாங் மாய் சுற்றிலும் மலை உள்ள பள்ளத்தாக்கு. வந்த புகை வெளியே போகாது. உலகத்திலேயே மோசமான காற்று உள்ள நகரம் என்று பட்டியலில் முதலிடத்துக்கு வந்த மார்ச் நாட்களும் உண்டு. நமக்கு சுமத்ரா புகைமூட்டம் வரும்போது ஐபியு, அதாவது காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைப் பார்த்துத்தானே பிள்ளைகளை வெளியே விடுகிறோம்? அது அங்கே வாரக்கணக்கில் நீடிக்கும். எந்த மலையைப் பார்க்க அம்மா ஆசைப்படுகிறாரோ, அந்த மலையே நகரத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாது. 68 வயதில் அந்தக் காற்றைச் சுவாசிக்க வைக்காதீர்கள்.

டிசம்பர் என்றால் வேறு ஊர். வானம் தெளிவாக இருக்கும், பகலில் வெயில் உறைக்காது, விடியற்காலையில் குளிரும். டிக்கெட்டுக்கு அதிகமாகக் கொடுக்கிற பணம் வீண் போகாது. நானும் வீட்டுக்காரியும் டிசம்பரில்தான் போவோம்.

இனி ரயில். நான் மலேசிய ரயில்வேயான கேடிஎம்மில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், ரயிலைப் பற்றிக் கேட்டால் நிறுத்த மாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கிருந்து முழுக்க ரயிலிலேயே போகலாம். பட்டர்வொர்த்தில் கோமுட்டர் ரயில் ஏறினால் எல்லையில் உள்ள பாடாங் பெசார். நம் குடிநுழைவும் அவர்களுடையதும் அந்த ஒரே நிலையத்துக்குள் இருக்கின்றன. அங்கிருந்து மாலையில் பேங்காக் போகும் படுக்கை ரயில். தாய்லாந்து நேரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால், டிக்கெட்டில் இருப்பது அவர்கள் நேரம், அதைக் கவனியுங்கள். மறுநாள் காலை குருங் தெப் அபிவாட் நிலையத்தில் இறங்கினால், சியாங் மாய் ரயிலும் அங்கிருந்துதான், மாலையில். 2023 ஜனவரியிலிருந்து தூர ரயில்கள் பெரும்பாலும் இந்தப் புது நிலையத்துக்கு மாறிவிட்டன. பழைய ஹுவா லாம்போங்குக்குப் போய் நிற்காதீர்கள்.

ஆனால் முழங்கால் வலிக்காரருக்கு அடுத்தடுத்து இரண்டு இரவு ரயிலில் என்பது அதிகம். என் யோசனை இது: பேங்காக் வரை விமானம், ஓர் இரவு ஓய்வு, மறுநாள் மாலை 9-ஆம் எண் ரயில். அது சீனாவில் செய்த புதுப் பெட்டிகளோடு 2016-ல் ஓட ஆரம்பித்தது. சுத்தமாக இருக்கும். அம்மாவுக்குக் கீழ்ப்படுக்கை எடுங்கள். மேல்படுக்கையைவிட விலை கொஞ்சம் கூட, அகலமும் கூட, ஏணி ஏற வேண்டியதில்லை. குளிர்சாதனம் எலும்பு வரைக்கும் ஏறும். சால்வையும் காலுறையும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

அம்மாவை விடியற்காலையில் எழுப்பிவிடுங்கள். லாம்பாங் தாண்டியதும் ரயில் மெதுவாக மலை ஏறும். சக்கரச் சத்தம் மாறும், அப்புறம் குன் தான் குகைக்குள் நுழையும். 1,352 மீட்டர். 1907-ல் குடைய ஆரம்பித்து 1918-ல் முடித்தார்கள். நடத்தியவர் ஐசன்ஹோஃபர் என்ற ஜெர்மன் பொறியாளர். முதல் உலகப் போரில் சயாம், அதாவது அன்றைய தாய்லாந்து, 1917-ல் ஜெர்மனிக்கு எதிராக இறங்கியதும் ஜெர்மன்காரர்களைப் பிடித்து வைத்தார்கள், அவரால் கடைசி வரை இருந்து முடிக்க முடியவில்லை. ஆனாலும் இன்று அவர் நினைவிடம் அந்தக் குகை வாசலில்தான் இருக்கிறது. குகையை விட்டு வெளியே வந்த உடனே குன் தான் நிலையம், சின்னது, பூச்செடி வைத்திருப்பார்கள். சன்னல் பக்கம் உட்கார வைத்துக் காட்டுங்கள். ரயில் பிடித்தவர் என்றால் அந்தப் பத்து நிமிஷத்துக்கே இவ்வளவு தூரம் வரலாம்.

மலைக்கோயில்: தோய் சுதேப். 1383-லிருந்து வழிபாட்டில் இருக்கிறது. புத்தரின் புனித எலும்பை ஒரு வெள்ளை யானை மேல் ஏற்றி விட்டார்களாம், அது இந்த மலை ஏறி மூன்று முறை பிளிறி அங்கேயே உயிரை விட்டதாம், அந்த இடத்தில் கோயில். நாகப் படிகள் முந்நூறுக்குச் சற்று மேல், பத்துமலையின் 272-ஐவிடக் கொஞ்சம் கூட. அம்மா அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், பக்கத்தில் இழுவை வண்டி இருக்கிறது, சின்னக் கட்டணம்தான். மலைச்சாலையில் வளைவு ஜாஸ்தி. சிவப்பு சொங்தேவ் வண்டியில் பக்கவாட்டில் உட்கார்ந்து போனால் தலை சுற்றும், அம்மாவுக்குக் கார் எடுங்கள்.

அடிவாரத்தில் குருபா சீவிச்சாய் என்ற துறவியின் சிலை இருக்கும், ஒரு நிமிஷம் இறங்குங்கள். அந்தச் சாலையை அரசாங்கம் போடவில்லை. அவர் கூப்பிட்டதும் ஊர் ஊராக ஆயிரக்கணக்கான ஜனங்கள் மண்வெட்டியோடு வந்து, 1934 நவம்பரில் ஆரம்பித்து 1935 ஏப்ரலில் முடித்துவிட்டார்கள். அதற்கு முன்னால் யாத்திரிகர்கள் காட்டுப் பாதையில் நடந்துதான் ஏற வேண்டும். உங்கள் அம்மா போன்றவர்கள் சாமி கும்பிட முடிகிறது என்றால் அந்த மனிதரால்தான். இன்றும் ஊர்க்காரர்கள் பூ வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் மேலே போகிறார்கள்.

ஜார்ஜ்டவுன் டீச்சர்:

சாப்பாட்டைப் பற்றி நான் சொல்கிறேன், எங்கள் வீட்டிலும் சைவம்தான்.

மஞ்சள் கொடியைத் தேடுங்கள். அதில் சிவப்பில் இரண்டு தாய்லாந்து எழுத்து இருக்கும், நம் கண்ணுக்கு 17 என்ற எண் மாதிரி தெரியும். அதுதான் 'ஜே' கடை. பினாங்கில் ஒன்பது நாள் விரதத்தின்போது சீனர்கள் கட்டுகிற அதே மஞ்சள்தான். ஜே என்றால் இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது, வெங்காயம் பூண்டும் கிடையாது. அமாவாசைக்குக்கூட அம்மா தயங்காமல் சாப்பிடலாம். தட்டில் சோற்றைப் போட்டு, நாம் கை காட்டுகிறதை ஊற்றிக் கொடுப்பார்கள், விலை ரொம்ப மலிவு. பெரும்பாலான ஜே கடைகள் காலையிலிருந்து மதியம் வரைதான், சாயங்காலம் போனால் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள்.

மற்ற கடைகளில் 'காய்கறி மட்டும்' என்று சொன்னால் போதாது. மீன் சாற்றை அவர்கள் உப்பு போலப் போடுவார்கள், அவர்கள் கணக்கில் அது மீனே இல்லை. 'கின் ஜே' என்று சொல்லுங்கள், கூடவே 'மை சை நாம் ப்லா', மீன் சாறு போடாதீர்கள் என்று. இதைத் தாய்லாந்து எழுத்தில் கைப்பேசியில் வைத்துக் காட்டினால் இன்னும் நல்லது. பப்பாளி சாலட் பார்க்க சைவமாகத் தெரியும், உள்ளே காய்ந்த இறால் இருக்கும். ரொட்டி வண்டியில் முட்டை வேண்டாம் என்று முதலிலேயே சொல்லுங்கள்.

அந்த ஊரின் பெயர் சொல்லும் உணவு காவ் சோய். தேங்காய்ப்பால் குழம்பில் மீ (நூடுல்ஸ்), மேலே பொரித்த மீ, பக்கத்தில் கடுகுக்கீரை ஊறுகாய், சின்ன வெங்காயம், எலுமிச்சை. வாசனை நம் கறி மீக்கு ரொம்பக் கிட்டே வரும். வழக்கமான கடையில் கோழி அல்லது மாடு, மீயும் முட்டை மீ. சில சைவக் கடைகளில் முட்டையில்லாத மீயில் செய்து தருகிறார்கள், கேட்டு உறுதி செய்துகொண்டு அம்மாவுக்கு ஒரு கிண்ணம் வாங்கிக் கொடுங்கள். டிசம்பர் என்றால் ஸ்ட்ராபெரியும் வந்திருக்கும். வரோரோட் சந்தையில் பழம் வாங்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே இருக்கிற மாதிரி பாருங்கள். பழைய நகரத்தின் கிழக்கு வாசலான தா பே வாசலிலிருந்து ராட்சதம்னோன் சாலை முழுக்க வண்டியை நிறுத்திவிட்டுச் சந்தை போடுவார்கள். ஆறு மணிக்கு தேசிய கீதம் ஒலிக்கும், அத்தனை கூட்டமும் நடந்த இடத்திலேயே அசையாமல் நிற்கும், நீங்களும் நில்லுங்கள். ஐந்து மணிக்கே போய்விட்டால் அம்மா நெரிசல் இல்லாமல் நடக்கலாம். தங்குவதைப் பழைய நகரத்துக்குள்ளேயே கிழக்குப் பக்கமாகப் பாருங்கள். பழைய நகரத்தைச் சுற்றியுள்ள அகழியின் ஒரு பக்கமே ஒன்றரை கிலோமீட்டர், எதிர்மூலையில் தங்கினால் அம்மாவுக்கு நடை அதிகமாகும்.

செந்தூல் மகள்:

மனமார்ந்த நன்றி. ரயில்காரர் ஐயா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். குகை வரும்போது எழுப்ப மறந்துவிடாதே என்கிறார்! டிசம்பர் என்று முடிவு செய்துவிட்டோம். இன்னும் ஒன்று கேட்க வேண்டும். தோய் இந்தனோன் போக வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அம்மாவால் முடியுமா? சியாங் ராயில் வெள்ளைக் கோயிலையும் அதே பயணத்தில் சேர்க்கலாமா?

பட்டர்வொர்த் ரயில்காரர்:

வெள்ளைக் கோயிலை இந்த முறை விடுங்கள். வாட் ரோங் குன் அழகுதான், சலெம்சாய் என்ற ஓவியர் 1997-லிருந்து கட்டிவருகிறார். ஆனால் போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். ஒரே நாளில் கூட்டிப் போனால் அம்மா வண்டியில் உட்கார்ந்திருந்ததுதான் மிச்சம்.

இந்தனோன் தாராளமாகப் போகலாம். 2,565 மீட்டர், தாய்லாந்திலேயே உயரமான மலை, ஆனால் உச்சிக்குப் பக்கத்தில் வரை கார் போகிறது. அப்போதைய ராஜாவுக்கும் ராணிக்கும் அறுபது வயது நிறைந்தபோது கட்டிய இரட்டைக் கோபுரங்கள் இருக்கின்றன, படிக்கட்டுக்குப் பக்கத்தில் நகரும் படியும் உண்டு. சுற்றிலும் பூந்தோட்டம், வெயில் வந்த பிறகு அங்கே உட்கார்ந்திருப்பதே சுகம். விடியற்காலையில் குளிர் பத்து டிகிரிக்குக் கீழே போகும். கேமரன் மலைக்கு எடுத்துப் போகிற மெல்லிய ஸ்வெட்டர் போதாது, காதை மூடுகிற தொப்பியும் எடுங்கள்.

ஓட்டுநரோடு நாள் வாடகைக்குக் கார் பேசும்போது தோய் லோ என்ற இடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். இந்தனோன் போகிற திசைதான். அங்கே ஒரு பிள்ளையார் அருங்காட்சியகம் இருக்கிறது. பல நாட்டுப் பிள்ளையார்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். தாய்க்காரர்கள் நம் பிள்ளையாரை எவ்வளவு பக்தியோடு கும்பிடுகிறார்கள் என்பதை அம்மா அங்கே பார்க்கட்டும். மலையில் இறங்கி வரும்போது போங்கள், போகும்போது நிறுத்தினால் உச்சியில் மேகம் மூடிவிடும்.

9-ஆம் எண் ரயிலில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டும் என்று தனிப் பெட்டி உண்டு, நீங்கள் இருவரும் அதையே கேளுங்கள். டிசம்பரில் கீழ்ப்படுக்கைதான் முதலில் தீரும். தாய்லாந்து ரயில்வேயின் இணையதளத்திலேயே வாங்கலாம், முன்பதிவு திறந்த உடனே போட்டுவிடுங்கள். ரயில் சாப்பாட்டை நம்பாமல், பேங்காக்கில் ஏறுவதற்கு முன்னால் ஏதாவது ஒரு ஜே கடையில் இரவுக்கு வேண்டியதைக் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.